தேயிலைக் கொப்புளத்தை பிக்சல் கணக்கில் அளத்தல்

ஒரு தேயிலை இலையின் பரப்பில் கொப்புள நோய் எத்தனை சதவீதத்தைப் பிடித்திருக்கிறது என்பதை, போனில் எடுத்த படத்தின் பிக்சல் எண்களைப் படித்துச் சொல்லும் சிறிய செய்நிரல் இது. நோய்ப் பகுதியின் பிக்சல்களை வேறு நிறமாக மாற்றித் திரும்பச் சேமிக்கவும் செய்யும். தேவையானவை பைதன் 3, அதற்கான லைப்ரரிகளில் படத்தைத் திறக்கவும் சேமிக்கவும் பில்லோ, எண் அணிகளைக் கணக்கிட நம்பை. பின்பகுதியில் மட்டும் படங்களை அலசும் ஓப்பன்சிவி. நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய லெப்டொப் போதும்.

கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது 1946இல். இலை நனைந்தே கிடக்கும் நாட்களில் பரவும் பூஞ்சணம் என்பதால், தென்மேல் பருவமழைக் காலத்தில் அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து மலைகளில் இதைத் தேடிப் போக வேண்டியதில்லை. முற்றிய இலையை விட்டுவிட்டு இளங்கொழுந்தைத்தான் பிடிக்கும். முதலில் வெளிறிய சிறு புள்ளி. அது பெருத்து மேற்பக்கம் குழியும்; அடிப்பக்கம் வெள்ளை வெல்வெட் போல வித்துகளோடு புடைக்கும். பிறகு காய்ந்து பழுப்பாகும். கணினிக்கு இது நல்ல பாடம், ஏனென்றால் ஒரே இலையில் பச்சை, வெள்ளை, பழுப்பு மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் எண்ணால் பிரிக்க முடிகிறதா என்பதே வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பரப்பின் சதவீதம் வேறு, நூறு கொழுந்தில் எத்தனையில் கொப்புளம் உண்டு என்ற எண்ணிக்கை வேறு. மருந்தடிக்கும் முடிவை இந்தச் செய்நிரலின் விடையை வைத்து எடுக்கக் கூடாது. அதற்குத் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுறுத்தல்கள் இருக்கின்றன.

படம் எடுப்பதில்தான் பாதி வேலை

வெள்ளைத் தாளில் இலையை வைத்துப் படமெடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இந்த நோய்க்கு அது உதவாது. கொப்புளத்தின் அடிப்பக்கமும் வெள்ளை, தாளும் வெள்ளை. இலை விளிம்பில் ஒரு கொப்புளம் இருந்தால் இலை எங்கே முடிகிறது என்று எண்களை வைத்துச் சொல்லவே முடியாது. தேயிலையில் இல்லாத நிறம் நீலம். ஆகவே புத்தகக் கடையில் கிடைக்கும் நீல நிற பிரிஸ்டல் போர்ட்டை ஏ4 அளவுக்கு, அதாவது 297க்கு 210 மில்லிமீற்றருக்கு வெட்டிக்கொள்ளவும். பளபளப்பான பக்கம் வேண்டாம். வெளிர் நீலமும் வேண்டாம். பாடசாலை வெள்ளைச் சட்டைக்குப் போடும் நீலத்தைக் கெட்டியாகக் கரைத்த மாதிரி நல்ல அடர்த்தி வேண்டும்.

அட்டையின் ஒரு மூலையில் நான்கு சென்ரிமீற்றர் அகலத்தில் சாம்பல் நிறத் துண்டொன்றை ஒட்டவும். புகைப்படக் கடைகளில் கிடைக்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டையே சிறந்தது. வெள்ளைத் தாளை இந்த இடத்துக்குப் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு: தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் பொருள் வெளிச்சத்திலுள்ள புற ஊதாவை வாங்கி நீலமாக வெளிவிடும். வெட்டவெளியில் எடுத்தால் நீல எண் உள்ளதைவிடக் கூடுதலாகப் பதிவாகும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை மலைநாட்டு வானிலை நமக்கு உதவி. முகில் மூடிய காலை நேரம் மென்மையான, நிழல் விழாத வெளிச்சம் தரும். நேர் வெயிலில் தேயிலையின் மேற்பக்க மெழுகு பளிச்சிடும். அந்தப் பளிச்சிடலும் எண்ணில் வெள்ளைதான், கொப்புளமும் வெள்ளைதான். அடிப்பக்கம் மங்கலானது, அதனால் அடிப்பக்கத்தையே எடுக்கவும். மூடுபனியில் நின்ற இலையில் நீர்த்துளிகள் இருக்கும். அவற்றை டிசுவால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கொப்புளத்தின் வெள்ளைப் படலமே டிசுவோடு வந்துவிடும். பறித்த இலை வாடிச் சுருள்வதற்குள் படம் எடுத்து முடிக்கவும்.

போனில் எச்டிஆரையும் காட்சிக்கேற்ற தானியங்கி மெருகூட்டலையும் அணைத்துவிட்டு, வெளிச்ச அளவையும் வெண்சமநிலையையும் பூட்டவும். பூட்டாவிட்டால் பச்சை அதிகமுள்ள படத்துக்கு ஒரு மாதிரியும் குறைந்த படத்துக்கு வேறு மாதிரியும் போனே நிறத்தைத் திருத்தும். ஒரே இலை இரு படங்களில் இரு எண்களைத் தரும். அட்டைக்கு நேர் மேலே போனைப் பிடிக்கவும். சாய்ந்தால் அட்டையின் ஒரு ஓரத்து மில்லிமீற்றர் மறு ஓரத்து மில்லிமீற்றருக்குச் சமமாகாது.

மலையிலிருந்து படத்தை வாட்சப்பில் அனுப்புவது வழக்கம். சாதாரணமாக அனுப்பினால் படம் சிறிதாக்கப்பட்டு மறுபடி அமுக்கப்படும், உள்ளே இருந்த குறிப்புத் தகவலும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும்.

எண்களைப் படித்தல்

படம் என்பது கணினிக்குள் ஒரு முப்பரிமாண அணி. 4000க்கு 3000 அளவுள்ள படத்தில் 3000 நிரை, 4000 நிரல், ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை, ஒரு பைட். மொத்தம் 3 கோடியே 60 லட்சம் பைட். ஜெபெக் கோப்பு 4 எம்பிதானே என்று நினைத்துப் படங்களை வரிசையாகத் திறந்து மூடாமல் வைத்திருந்தால் நினைவகம் நிரம்புவது இதனால்தான்.

பில்லோவில் படத்தைத் திறந்ததும் இரண்டு வேலைகளைக் கணக்குத் தொடங்கும் முன்பே முடித்துவிடவும். முதலாவது, படத்தை நிமிர்த்துவது. போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம் பெரும்பாலும் படுக்கையாகவே சேமிக்கப்பட்டு, 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு மட்டும் எக்சிப் எனப்படும் குறிப்புத் தகவல் பகுதியில் எழுதப்படும். படம் காட்டும் செயலி அதை மதித்துத் திருப்பும், பில்லோ தானாகத் திருப்பாது. 'இமேஜ்ஆப்ஸ்' தொகுதியிலுள்ள 'எக்சிப் டிரான்ஸ்போஸ்' செயற்பாட்டைக் கூப்பிட வேண்டும். ஓப்பன்சிவியோ வழமையான முறையில் திறந்தால் தானே திருப்பிவிடும். இரண்டு லைப்ரரியையும் கலந்து பயன்படுத்துவோர் ஒன்றில் குறித்த இடத்தை மற்றதில் தேடித் திணறுவதற்கு இதுவே முதற் காரணம். இரண்டாவது, ஆர்ஜிபி வடிவத்துக்கு மாற்றுவது. திரைப்பிடிப்பாக வந்த பிஎன்ஜியில் ஒளிபுகு அளவுக்கு நான்காவது எண் இருக்கலாம். நிறங்களைத் தனிப் பட்டியலாக (தட்டாக) வைத்திருக்கும் தட்டு வகைப் படத்தில் பிக்சலைக் கேட்டால் நிறம் வராது, தட்டில் எத்தனையாவது நிறம் என்ற ஒற்றை எண் வரும்.

ஒரு பிக்சலை மட்டும் பார்க்க பில்லோவின் 'கெட்பிக்சல்' போதும். அதற்குக் கொடுப்பது முதலில் இடமிருந்து எத்தனை, பிறகு மேலிருந்து எத்தனை. நம்பை அணியில் இது தலைகீழ்: முதலில் நிரை, பிறகு நிரல். ஒன்றில் (300, 120) என்பது மற்றதில் [120, 300]. சதுரப் படத்தில் இந்தக் குழப்பம் பிழைச் செய்தியே தராது, தவறான இடத்தின் எண்ணை அமைதியாகத் தந்துவிடும். சோதனைப் படங்களைச் சதுரமாகச் செய்யாதீர்கள்.

கணக்கு எழுதுவதற்கு முன் கையாலேயே சில இடங்களின் எண்ணை எடுத்துத் தாளில் எழுதவும். ஒரு புள்ளியை நம்ப வேண்டாம். போன் கமராவின் இரைச்சலில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளே முன்பின் வேறுபடும்; 50க்கு 50 சதுரத்தின் சராசரியை எடுக்கவும். நீல அட்டையில், முகில் வெளிச்சத்தில் இப்படியான எண்களை எதிர்பார்க்கலாம்:

நல்ல இலை: சிவப்பு 96, பச்சை 138, நீலம் 60
வெள்ளைக் கொப்புளம்: 205, 208, 192
காய்ந்த பழுப்பு: 112, 82, 58
நீல அட்டை: 58, 96, 170
இலையின் நிழல் விழுந்த அட்டை: 15, 24, 40

கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்த ஐந்து வரிகளை வைத்தே. உங்கள் அட்டையும் போனும் வேறு எண்களைத் தரும், முறை மாறாது.

அட்டையைக் கழித்தல்

நீலம் சிவப்பைவிட 30 கூடுதலாக இருந்தால் அட்டை என்று எழுதத் தோன்றும். அட்டைக்குச் சரி: 170க்கும் 58க்கும் வித்தியாசம் 112. நிழலுக்குப் போனால் 40க்கும் 15க்கும் 25தான். ஆக நிழல் இலையாகிவிடும், இலையின் பரப்பு வீங்கும், நோய்ச் சதவீதம் குறைந்து வரும். வித்தியாசத்தை விட்டு விகிதத்துக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை. மூன்று எண்களின் கூட்டலில் நீலத்தின் பங்கு அட்டையில் 170/324, அதாவது 0.52. நிழலில் 40/79, அதாவது 0.51. எண்கள் நான்கில் ஒன்றாகக் குறைந்தும் பங்கு அசையவில்லை. நல்ல இலையில் அது 0.20, கொப்புளத்தில் 0.32, பழுப்பில் 0.23. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே 0.42ஐ எல்லையாக வைக்கலாம்.

பைதன் 3 மாறிப் பெயர்களைத் தமிழிலும் ஏற்கும். கூட்டல் கழித்தல் மட்டுமுள்ள இந்தப் பகுதியை முழுவதும் தமிழிலேயே எழுதினாலும் ஓடும்:

சிவப்பு = படம்[:, :, 0]
பச்சை = படம்[:, :, 1]
நீலம் = படம்[:, :, 2]
மொத்தம் = சிவப்பு + பச்சை + நீலம்
அட்டை = நீலம் * 100 > மொத்தம் * 42
இலை = ~அட்டை

வகுத்தலைத் தவிர்த்து இரு பக்கமும் பெருக்கியிருப்பதைக் கவனிக்கவும். முழுக் கறுப்புப் பிக்சலில் மொத்தம் 0. வகுத்தால் எச்சரிக்கையும் எண்ணல்லாத விடையும் வரும்.

இந்த ஆறு வரியும் சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு. 'படம்' என்ற அணி 8 பிட் குறியற்ற எண்ணாக இருக்கக் கூடாது. திறந்ததும் 'இன்ட்32' வகைக்கு மாற்றியிருக்க வேண்டும். 8 பிட்டில் 255க்கு மேல் இடமில்லை. 250உடன் 10ஐக் கூட்டினால் 4 வரும், பிழைச் செய்தி வராது. 'இன்ட்16' போதாதா என்றால், மேலே உள்ள வரிகளுக்கு மயிரிழையில் போதும். அதன் உச்சம் 32767. வெள்ளைப் பிக்சலின் மொத்தம் 765, அதை 42ஆல் பெருக்கினால் 32130. எல்லையைச் சற்றுத் திருத்தி 43 ஆக்கிப் பாருங்கள்: 32895. உச்சத்தைத் தாண்டி எதிர்மறை எண்ணாகச் சுற்றிவிடும், வெளிறிப்போன வெள்ளைப் பிக்சல்கள் எல்லாம் திடீரென்று அட்டையாகிவிடும். ஓர் எல்லையை ஒன்றால் மாற்றியதற்கு விடை குதித்தால் தரவு வகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நோயைப் பிரித்தல்

பச்சையின் இரு மடங்கிலிருந்து சிவப்பையும் நீலத்தையும் கழித்தால் ஒரு புள்ளி எவ்வளவு பசுமையானது என்று தெரியும். பயிர்ப் படங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் கணக்கு இது. நல்ல இலைக்கு 276 − 96 − 60 = 120. கொப்புளத்துக்கு 19. பழுப்புக்கு −6. பிரிப்பு தெளிவாக இருக்கிறது.

இதையே 8 பிட்டில் செய்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. நல்ல இலையில் 138இன் இரு மடங்கு 276, அது 20ஆகச் சுற்றும். 96ஐக் கழித்தால் 180ஆகச் சுற்றும். 60ஐக் கழித்தால் 120. விடை சரி! கொப்புளத்துக்கும் 19 சரியாகவே வரும். பழுப்புக்குத்தான் −6க்குப் பதில் 250 வரும். காய்ந்து செத்த பகுதி, படத்திலேயே மிகப் பசுமையான இடமாகக் கணக்கில் சேரும். பாதி சரியாகவும் பாதி தலைகீழாகவும் வருவதால், இளம் கொப்புளம் மட்டுமுள்ள இலைகளில் சோதித்தால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது.

இங்கும் நேரடி எண்ணைவிட விகிதம் நல்லது. மடிப்பில் நிழலான நல்ல இலை 38, 55, 24 என்று பதிவானால் பசுமை 48. நேரடி எல்லை 60 என்று வைத்திருந்தால் அது நோயாகிவிடும். மொத்தத்தால் வகுத்தால் நல்ல இலை 0.41, நிழலான இலை 0.41, கொப்புளம் 0.03, பழுப்பு −0.02. எல்லை 0.20.

பசுமை = 2 * பச்சை - சிவப்பு - நீலம்
நோய் = இலை & (பசுமை * 100 < மொத்தம் * 20)

அடைப்புக்குறி கட்டாயம். & குறி < குறியைவிட இறுக்கமாகப் பிணைக்கும்; அடைப்பில்லாவிட்டால் 'இலை'யை எண்ணோடு சேர்த்துவிட்டுப் பிறகே ஒப்பிடும். & குறிக்குப் பதிலாக 'அன்ட்' என்ற சொல்லைப் போட்டால், முழு அணியும் உண்மையா பொய்யா என்று தீர்மானிக்க முடியாது என்று நம்பை பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லது, நின்றால் தெரியும்.

'நோய்' அணியைக் கூட்டினால் உண்மையான புள்ளிகளின் எண்ணிக்கை. அதை 'இலை'யின் கூட்டலால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். இதையெல்லாம் 'போர்' லூப்பில் பிக்சல் பிக்சலாகச் செய்யலாம், விடை ஒன்றே. ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளுக்குத் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். அணிக் கணக்கு ஓரிரு வினாடிகளில் முடியும்.

புள்ளியே இல்லாத இலைக்கும் 2 சதவீதம் வருவது ஏன்

இந்த நிலையில் ஒரு சுத்தமான இலையைப் போட்டுப் பார்த்தால் விடை பூச்சியமாக இருக்காது. நோய்ப் புள்ளிகளை நிறம் மாற்றிப் பார்த்தால் இலையைச் சுற்றி மெல்லிய வளையம் தெரியும். விளிம்புப் பிக்சலில் பாதி இலை, பாதி அட்டை. 96, 138, 60க்கும் 58, 96, 170க்கும் நடு 77, 117, 115. நீலத்தின் பங்கு 115/309, 0.37, எல்லைக்குக் கீழே, ஆக இலை. பசுமை 42/309, 0.14, எல்லைக்குக் கீழே, ஆக நோய். இலையும் நோயற்றது, அட்டையும் நோயற்றது, இரண்டின் கலவைக்கு நோய்.

அளவைப் போட்டுப் பார்க்கலாம். அட்டையின் 297 மில்லிமீற்றர் 3960 பிக்சலில் அடங்கினால் ஒரு மில்லிமீற்றருக்கு 13.3 பிக்சல், ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 178. சுமார் 60 மி.மீ. நீளமும் 25 மி.மீ. அகலமும் உள்ள இலையின் பரப்பு ஏறத்தாழ 1050 சதுர மி.மீ., 187,000 பிக்சல். சுற்றளவு 145 மி.மீ. என்றால் 1930 பிக்சல். வளையத்தின் தடிப்பு இரண்டு பிக்சல் என்றால் 3860. அதுவே 2 சதவீதம். ஆறு மி.மீ. விட்டமுள்ள ஒரு முழுக் கொப்புளம் 5000 பிக்சல்தான். ஆகவே இந்த வளையம் அலட்சியப்படுத்தக்கூடிய பிழையில்லை.

தீர்வு, இலையின் முகமூடியை, அதாவது எந்தப் பிக்சல் இலை என்று சொல்லும் 'இலை' அணியை, உள்நோக்கி நான்கு பிக்சல் அரிப்பது. ஓப்பன்சிவியின் 'இரோட்' இதைச் செய்யும். அது உண்மை/பொய் வகை அணியை ஏற்காது. 0, 1 கொண்ட 8 பிட் அணியாக மாற்றிக் கொடுத்து, வந்ததைத் திரும்ப உண்மை/பொய்யாக்கவும். இந்த இடத்தில் இன்னொரு பொறி: உண்மை/பொய் அணியில் ~ குறி சரியாக எதிர்மாற்றும், ஆனால் 0, 1 கொண்ட 8 பிட் அணியில் அதே குறி 255, 254 என்று தரும். இரண்டுமே பூச்சியமில்லை என்பதால் எல்லாமே 'உண்மை' ஆகிவிடும்.

அடுத்து நடுநரம்பு. அடிப்பக்கத்தில் அது வெளிறியிருக்கும். 150, 172, 120 என்று வந்தால் பசுமை 74/442, 0.17. அதுவும் நோய்க் கணக்கில் சேரும். எல்லையை 0.15க்கு இறக்கினால் நரம்பு போகும், ஆனால் வெள்ளையாகும் முன் நிலையிலுள்ள இளம் புள்ளிகளும் கூடவே போகும். வடிவத்தைப் பயன்படுத்துவது மேல். நரம்பு ஒன்றரை மி.மீ. அகலம், 20 பிக்சல்; வளர்ந்த கொப்புளம் 3 மி.மீ.க்கு மேல், 40 பிக்சல். 25 பிக்சல் விட்டமுள்ள வட்டத்தால் 'ஓப்பன்' என்னும் வடிவச் செயலைச் செய்தால் அதைவிட மெல்லியதெல்லாம் அழிந்துவிடும், பெரியவை ஏறத்தாழ அப்படியே நிற்கும். விலை என்னவென்றால் இரண்டு மி.மீ.க்குக் குறைந்த புள்ளிகளும் நரம்போடு அழியும். ஆரம்ப நிலைத் தொற்றை அளப்பதே நோக்கம் என்றால் இந்தப் படியை விட்டுவிட்டு நரம்பைக் கையால் கோடிட்டு நீக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தரும் எல்லை எதுவும் இல்லை.

வெளிச்சத்தைச் சமன் செய்தல்

மூடுபனி நாளின் வெளிச்சத்தில் நீலம் கூடும். சாம்பல் துண்டில் 50க்கு 50 சதுரத்தின் சராசரி 112, 118, 131 என்று வருகிறது என்போம். சாம்பலில் மூன்றும் சமமாக இருக்க வேண்டும். பச்சையை நிலையாக வைத்துச் சிவப்பை 118/112, அதாவது 1.054ஆலும் நீலத்தை 118/131, அதாவது 0.901ஆலும் பெருக்கவும். அட்டையைக் கழிக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். சாம்பல் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை என்பதால் அந்தத் துண்டு நோய்பிடித்த இலையாகவே எண்ணப்படும்; சராசரியை எடுத்ததும் அதைப் படத்திலிருந்து வெட்டி நீக்கவும்.

படத்தின் எண்கள் வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் இல்லை, காமா வளைவின்படி அமைந்தவை. 128 என்பது பாதி வெளிச்சமில்லை. பாதி வெளிச்சம் 188இல் இருக்கிறது. வளைவு ஏறக்குறைய ஓர் அடுக்கு என்பதால் பெருக்கல் அதைக் கடந்தும் பெருக்கலாகவே நிற்கும், நமது திருத்தம் பழுதாகாது. கூட்டிச் சராசரி எடுப்பதுதான் பழுதாகும். ஆனால் ஏறக்குறைய ஒரே நிறமான சிறு சதுரத்தில் அந்தப் பிழை மிகச் சிறியது.

பெருக்கியதும் எண்கள் தசமமாகும், 255ஐத் தாண்டவும் கூடும். 255ஐ 1.054ஆல் பெருக்கினால் 269. வெட்டாமல் 8 பிட்டாக்கினால் 13ஆகி, மிக வெளிச்சமான இடம் கறுப்புப் புள்ளியாகலாம். 0க்கும் 255க்கும் இடையே 'கிளிப்' செய்து, முழுமையாக்கி, பிறகே வகை மாற்றவும். முழுமையாக்காமல் மாற்றினால் தசமம் வெட்டப்பட்டு எல்லா எண்களும் சற்றுக் கீழிறங்கும். மூலப் படத்திலேயே 255ஐத் தொட்டுவிட்ட புள்ளிகளுக்கு எந்தத் திருத்தமும் உதவாது. அவற்றின் எண்ணிக்கையைத் தனியாக அச்சிடவும். இலைக்குள் அவை கணிசமாக இருந்தால் படத்தைத் திரும்ப எடுப்பதே வழி.

பிக்சலை மாற்றிச் சேமித்தல்

காட்டும் நிறம் இலையிலும் அட்டையிலும் இல்லாததாக இருக்க வேண்டும். மெஜந்தா பொருத்தம்:

காட்சி[நோய்] = (255, 0, 255)

'காட்சி' என்பது மூலத்தின் நகல். 'காட்சி = படம்' என்று எழுதினால் நகல் உண்டாகாது, ஒரே அணிக்கு இரண்டு பெயர்தான். அணியின் ஒரு துண்டை வெட்டி வேறு பெயர் கொடுத்தாலும் அதே கதை: துண்டில் செய்த மாற்றம் மூலத்தில் விழும். 'கொப்பி' செயலைக் கூப்பிட்டே நகல் எடுக்கவும். பில்லோ படத்தை 'ஆஸ்அரே' மூலம் அணியாக்கினால், புதிய பதிப்புகளில் வாசிக்க மட்டுமே அனுமதி கிடைக்கும். எழுதப் போனால் பிழை காட்டும். 'அரே' பயன்படுத்தினால் சொந்த நகல் கிடைக்கும்.

சேமிப்பது பிஎன்ஜியில் மட்டும். ஜெபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்து அமுக்கும், நிறத் தகவலைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில்தான் வைக்கும். பில்லோவின் இயல்புத் தரம் 75. நீங்கள் எழுதிய 255, 0, 255 மீண்டும் திறக்கும்போது வேறு எண்ணாக இருக்கும், தொடாத பக்கத்துப் புள்ளிகளும் மாறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. 'எத்தனை புள்ளி மெஜந்தா' என்று எண்ணும் செய்நிரலுக்குத் தெரியும்.

ஓப்பன்சிவியில் திறந்தால்

நிற வரிசை நீலம், பச்சை, சிவப்பு. மாற்றாமல் மேலுள்ள வரிகளுக்குக் கொடுத்தால் விளைவு வேடிக்கையானது. பசுமைக் கணக்கில் சிவப்பும் நீலமும் இடம் மாறினாலும் விடை ஒன்றே, ஆகவே அங்கே தவறு தெரியாது. அட்டைக் கணக்கில் தெரியும்: அட்டையின் பங்கு 58/324, 0.18ஆகி முழு அட்டையும் இலையாகும். அதைவிட மோசம், பழுப்பின் பங்கு 112/252, 0.44ஆகி அட்டை என்று வெட்டி எறியப்படும். நோயின் கடைசி நிலை கணக்கிலிருந்தே மறைந்துவிடும். நீல அட்டை திரையில் செம்மஞ்சளாகத் தெரிந்தால் இதுதான் காரணம்.

விண்டோசில் கோப்புறைக்கு 'தேயிலை' என்று தமிழில் பெயரிட்டால் ஓப்பன்சிவியின் 'இம்ரீட்' பொதுவாகப் படத்தைத் திறக்காது. பிழை காட்டி நிற்காமல் வெறுமையைத் திருப்பித் தரும். அடுத்த வரியில் அளவைக் கேட்கும்போதுதான் செய்நிரல் பிழை காட்டி நிற்கும். நம்பையின் 'பிரம்ஃபைல்' மூலம் பைட்டுகளாக வாசித்து 'இம்டிகோட்'டுக்குக் கொடுத்தால் தமிழ்ப் பெயர் தடையில்லை.

சரிபார்ப்பு

உண்மையான இலைக்கு முன் கையால் செய்த படம் ஒன்று. 300 அகலம், 200 உயரம், முழுவதும் 58, 96, 170. அதற்குள் 100க்கு 100 சதுரத்தில் 96, 138, 60. அதற்குள் 20க்கு 20 சதுரத்தில் 205, 208, 192. அரிப்பையும் 'ஓப்பன்' படியையும் அணைத்துவிட்டு ஓட்டினால் விடை மிகச் சரியாக 4 சதவீதம்: 400/10000. கொப்புளச் சதுரத்தை 112, 82, 58 ஆக்கினாலும் 4. இரண்டாவது தவறினால் தரவு வகையையோ நிற வரிசையையோ பார்க்கவும். இப்போது நான்கு பிக்சல் அரிப்பை மட்டும் போடவும். இலை 92க்கு 92ஆகச் சுருங்கும், 400/8464, 4.73 வரும். அரிப்புக்குப் பின் வகுத்தலின் கீழே அரிக்காத இலைப் பரப்பையே போடவேண்டும் என்பது இதில் தெரிந்துவிடும். விளிம்பிலேயே ஒட்டியிருக்கும் கொப்புளத்தில் நான்கு பிக்சல் இழப்பு இருக்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். அதே படத்தை ஜெபெக்காகச் சேமித்துத் திறந்து ஓட்டிப் பார்த்தால் அமுக்கத்தின் பங்கு தனியாகத் தெரியும்.

சதவீதத்தைப் படத்தின் மேலேயே தமிழில் எழுத விரும்பினால் ஓப்பன்சிவியின் 'புட்டெக்ஸ்ட்' உதவாது. அதன் எழுத்துருக்களில் தமிழ் இல்லை, கேள்விக்குறிகளே விழும். பில்லோவில் தமிழ் எழுத்துருக் கோப்பைக் கொடுத்து எழுதலாம், ஆனால் 'ராக்ம்' என்ற எழுத்தமைப்பு லைப்ரரி இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கொப்புளம்' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இணைந்திருக்கிறதா என்பதை பில்லோவின் 'ஃபீச்சர்ஸ்' தொகுதியிடம் கேட்டால் உண்டு, இல்லை என்று சொல்லும்.

கோப்புப் பெயரில் மலை இலக்கம், திகதி, இலையின் இலக்கம் மூன்றையும் வைக்கவும். பக்கத்தில் ஒரு சிறு உரைக் கோப்பில் பயன்படுத்திய எல்லைகள் இரண்டும் (42, 20), சாம்பல் துண்டின் சராசரி மூன்றும், அரிப்பு அளவும், வட்டத்தின் விட்டமும் இருக்கட்டும். வேறு போன், வேறு பிரிஸ்டல் போர்ட், அல்லது ஈரத்தில் வெளுத்துப்போன பழைய அட்டை என்று ஏதாவது மாறினால் ஐந்து வரி எண்களைத் திரும்ப எடுத்து எல்லைகளைத் திரும்பப் போட வேண்டும்.